நுரையீரலை மிச்சம் பிடிக்கும் சூடு

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அரிதாக வரும் ஒரு புற்றுநோய்க்கு அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்று பெயர். பின்னாளில் வியன்னாவில் அறுவை மருத்துவத்தின் பெரும்புள்ளியாக விளங்கிய தியோடர் பில்ரோத், 1850களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நோய் அவசரப்படாது. ஆனால் விட்டுவிட்டும் போகாது. காதுக்குக் கீழேயோ அண்ணத்திலோ தோன்றிய கட்டியை வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்தபின் நோயாளி ஐந்து, பத்து ஆண்டுகள்கூட நன்றாக இருப்பார். வேலைக்குப் போவார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பார். பிறகு ஒருநாள் மார்பு ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகச் சில முடிச்சுகள் தெரியும். ஒன்று 6 மில்லிமீட்டர், ஒன்று 9, இன்னொன்று 14. அவருக்கு இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. மாடிப்படி ஏறுவதில்கூடச் சிரமம் இல்லை. ஆனால் நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது.

இதேபோல் மெதுவாக நகரும் இன்னொரு நோய் அல்வியோலர் சாஃப்ட் பார்ட் சர்கோமா. மென்திசுக்களில் வரும் சர்கோமாக்களே அரிது. அவற்றிலும் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் இளைஞர்களையும் இளம் பெண்களையும் பிடிக்கிறது. தொடைத் தசைக்குள் வலியில்லாமல் வளர்ந்து, நோயாளி மருத்துவரிடம் வருவதற்குள்ளேயே பல நேரங்களில் நுரையீரலில் புள்ளிகளைத் தூவியிருக்கும். வழக்கமான கீமோதெரபி இந்த இரண்டு நோய்களையும் அநேகமாக அசைப்பதில்லை. வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைக்கும் மருந்துகள் அவை. இந்தச் செல்களோ நிதானமாகப் பிரிகின்றன.

இப்படிப்பட்ட நோயாளிக்கு என்ன செய்வது? வெட்டி எடுக்கலாம் என்பது பழைய பதில். அந்தப் பதிலுக்கு வலுவும் உண்டு. 1997இல் வெளியான நுரையீரல் பரவல் கட்டிகளின் பன்னாட்டுப் பதிவேடு, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அறுவை செய்துகொண்ட 5,206 பேரின் கணக்கை ஒன்றாகத் திரட்டியது. எல்லாக் கட்டிகளையும் முழுமையாக எடுக்க முடிந்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்கள். பதிவேட்டில் இருந்த மொத்தப் பேரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் சர்கோமா நோயாளிகள். பரவிவிட்ட புற்றுநோய்க்கு இது சிறிய செய்தி அல்ல.

சிக்கல் அடுத்த முறையில் இருக்கிறது. நிதானமாக வளரும் நோய், நிதானமாகத் திரும்பவும் வரும். இன்று நான்கு முடிச்சுகளை எடுத்தால் இரண்டு ஆண்டு கழித்து வேறு இடத்தில் மூன்று முளைக்கும். ஒவ்வொரு முறை மார்பைத் திறக்கும்போதும் நுரையீரல் விலாச் சுவரோடு தழும்பால் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த அறுவை முந்தியதைவிடக் கடினமாகிறது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுரையீரல் போய்விடுகிறது என்பது. ஈரல் வெட்டினால் வளரும். வளர்ந்தவர்களின் நுரையீரல் அப்படி வளர்ந்து பழைய அளவுக்கு வருவதில்லை. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என ஐந்து மடல்கள் நமக்கு இருக்கின்றன. அதுதான் ஆயுளுக்கும் கையிருப்பு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவு அரை மில்லிலிட்டர்தான். அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் 1 சென்டிமீட்டர் பாதுகாப்பு விளிம்பு வைத்து அழித்தாலும் மொத்தம் 14 மில்லிலிட்டர். ஓர் ஆணின் நுரையீரல் இரண்டும் சேர்ந்து சுமார் 6 லிட்டர் காற்றைக் கொள்ளும். நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் முடிச்சை அறுவை மருத்துவர் சிறு ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிடுவார். அதில் இழப்பு குறைவு. ஆனால் அதே அரை மில்லிலிட்டர் முடிச்சு ஒரு மடலின் ஆழத்தில் உட்கார்ந்துவிட்டால், அதை எடுக்க அந்த மடலில் பெரும் பகுதியையோ முழு மடலையுமோ இழக்க வேண்டி வரலாம். கட்டியை நீக்குவதற்கும், கட்டியை நீக்க நாம் கொடுக்கும் விலைக்கும் இடையே உள்ள இந்தப் பெரிய இடைவெளியில்தான், ஊசி வழியே கட்டியைச் சுட்டு அழிக்கும் வெப்பச் சிகிச்சை நுழைகிறது.

கத்தியில்லை, ரத்தமில்லை, தையலில்லை என்றுதான் இந்தச் சிகிச்சையைப் பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அந்த விளம்பரத்தில் உடன்பாடு இல்லை. தோலில் தழும்பு விழாதது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். இந்தச் சிகிச்சையின் உண்மையான மதிப்பு, அது நுரையீரலை மிச்சம் பிடிக்கிறது என்பதிலும், அதனாலேயே மறுபடியும் மறுபடியும் செய்ய முடிகிறது என்பதிலும் இருக்கிறது.

உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்திச் சூடாக்கலாம் என்ற எண்ணம் பிரெஞ்சு உடலியலாளர் ஆர்சென் தார்சன்வாலிடமிருந்து தொடங்குகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது; அது நரம்பையும் தசையையும் உலுக்கி, இதயத்தையே நிறுத்திவிடும். அதிர்வெண்ணை நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் உயர்த்தினால் தசை துடிப்பதில்லை, சூடு மட்டும் உண்டாகிறது என்று 1891இல் அவர் காட்டினார். அத்தனை வேகமாகத் திசை மாறினால் நரம்புக்கு எதிர்வினை காட்டவே அவகாசம் கிடைப்பதில்லை. 1926இல் பாஸ்டனில் வில்லியம் பொவி உருவாக்கிய கருவியை மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பயன்படுத்தத் தொடங்கியபின், மின்சாரத்தால் ரத்தப்போக்கை அடைப்பது உலகெங்கும் அறுவை அரங்குகளில் வழக்கமானது. ஆனால் இதெல்லாம் திறந்த உடலில், கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தவை. தோலைத் திறக்காமல், ஸ்கேனைப் பார்த்துக்கொண்டு, ஊசி வழியாக உள்ளுறுப்பின் நடுவில் சூட்டை உண்டாக்கும் யோசனை 1990இல்தான் வந்தது. இத்தாலியில் ஒரு குழு, கலிஃபோர்னியாவில் ஒரு குழு, தனித்தனியாக ஈரலுக்கு இதை முன்மொழிந்தன.

ஈரலுக்குப் பொருந்தியது நுரையீரலுக்கும் பொருந்தும் என்று யாரும் எளிதில் நம்பவில்லை. நுரையீரல் காற்று நிரம்பிய உறுப்பு. ஊசியால் குத்தினால் காற்று கசியும். மூச்சு விடும்போதெல்லாம் அசையும். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. 1995இல் பாஸ்டனில் நாகும் கோல்ட்பெர்க்கும் அவர் குழுவினரும் முயல்களின் நுரையீரலில் இதைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு முயல் நுரையீரலில் வளர்த்த கட்டிகளில் சோதித்தார்கள். தடையென்று நினைத்த காற்று ஒரு வகையில் உதவியாகவே இருந்தது. திடமான கட்டி மின்சாரத்தைக் கடத்துகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றறைகள் மின்சாரத்தையும் சூட்டையும் எளிதில் கடத்துவதில்லை. ஆகவே சூடு வெளியே சிதறாமல் கட்டிக்குள்ளேயே தேங்குகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டேமியன் டுபுயியும் சகாக்களும், மூன்று நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை இப்படி ஊசி வழியே சுட்டதை முதன்முதலாக ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

சுடுவது என்று சொன்னாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விடுவதாக யாரும் எண்ண வேண்டாம். இப்படி உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தும் ரேடியோ அலை ஊசி தானாகச் சூடாவதே இல்லை. அதன் முனையிலிருந்து நொடிக்குச் சுமார் ஐந்து லட்சம் முறை முன்னும் பின்னும் திசை மாறி ஓடும் மின்னோட்டம் திசுவுக்குள் பாய்கிறது. திசுவிலுள்ள சோடியம், குளோரைடு போன்ற அயனிகள் அந்தத் திசைமாற்றத்தைத் துரத்தி முன்னும் பின்னும் ஆடுகின்றன. அந்த உராய்வில் திசுவே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. நோயாளியின் தொடைகளில் ஒட்டப்பட்ட அகலமான பட்டைகள் வழியாக மின்னோட்டம் வெளியேறுகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே மின்னோட்டம்தான். ஊசிமுனையில் அது குறுகிய இடத்தில் நெருக்கியடிப்பதால் கொதிக்கிறது. தொடையில் பரந்து விரிவதால் தோல் சுடுவதில்லை. அந்தப் பட்டை ஓரத்தில் சற்றே பெயர்ந்திருந்தாலும் போதும், மீதி ஒட்டியிருக்கும் குறுகிய இடத்தில் தோல் வெந்துபோகும். அதனால்தான் தொடங்கும் முன் செவிலியர் அந்தப் பட்டைகளை விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார்.

50 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் நீடித்தால் செல் மீளமுடியாத சேதம் அடைகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் உடனே உறைந்து, செல் அந்த இடத்திலேயே மடிகிறது. அப்படியானால் சூட்டை இன்னும் ஏற்றினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. 100 டிகிரியைக் கடந்தால் திசுவிலுள்ள நீர் ஆவியாகிறது, ஊசியை ஒட்டிய பகுதி கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தாது. மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும் வடையைப் பார்த்திருப்போம். இங்கே அது தலைகீழாக நடக்கிறது. நடுப்பகுதி கருகி, வெளி விளிம்பு வேகாமல் நின்றுவிடுகிறது. புற்றுநோயில் அபாயம் இருப்பதே அந்த விளிம்பில்தான். இதைத் தவிர்க்கச் சில வகை ஊசிகளின் உள்ளே குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். முனை கருகாமல் இருந்தால்தான் சூடு தூரம் போகும். வேறு சில ஊசிகள் உள்ளே போனதும் குடைக்கம்பிகளைப் போல விரிந்து, கட்டியைப் பல இடங்களில் பிடித்துக்கொள்கின்றன.

இன்னொரு எதிரி ரத்தம். 3 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான ரத்தக்குழாய் ஒன்று கட்டியை ஒட்டி ஓடினால், அதிலோடும் 37 டிகிரி ரத்தம் சூட்டை ஓயாமல் வாரிக்கொண்டு போகும். குழாயை ஒட்டிய செல்கள் பிழைத்துவிடும். சில மாதங்கள் கழித்துக் கட்டி அந்தப் பக்கமிருந்தே மறுபடி வளரும். மைக்ரோவேவ் ஊசி வந்ததற்கு இது ஒரு காரணம். அது மின்னோட்டத்தை நம்பியிருப்பதில்லை. 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் நீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடாக்குகின்றன. இரண்டாவது அதிர்வெண் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதேதான். காற்றும் கரியும் இந்த அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. குறைந்த நேரத்தில் அதிகச் சூடு கிடைக்கிறது, ரத்தக்குழாயின் குளிர்ச்சியும் ஓரளவு சமாளிக்கப்படுகிறது. நுரையீரலைப் பொறுத்தவரை இன்று பல மையங்கள் ரேடியோ அலையிலிருந்து மைக்ரோவேவுக்கு நகர்ந்திருப்பது நியாயமே என்றுதான் நினைக்கிறேன்.

சி.டி. அறைக்குள் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். நோயாளி பொதுமயக்கத்திலோ ஆழ்ந்த அரைமயக்கத்திலோ படுத்திருக்கிறார். முடிச்சு முதுகுப் பக்கமாக இருந்தால் குப்புற, முன்பக்கமாக இருந்தால் மல்லாக்க. தோலில் உலோகக் கோடுகள் உள்ள ஓர் ஒட்டுத்தாளை வைத்து ஸ்கேன் எடுக்கிறார்கள். எந்தக் கோட்டுக்கு நேராக, எத்தனை டிகிரி சாய்வில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் முடிச்சு இருக்கிறது என்று திரையில் அளக்கிறார்கள். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், ஊசி அடுத்த விலாவின் மேல் விளிம்பை உரசியபடி போக வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்து நுரையீரல் உறை வரைக்கும் செலுத்தப்படுகிறது. நுரையீரலுக்குள் வலி நரம்புகள் இல்லை. விலாச் சுவரின் உள்பக்கத்தை ஒட்டிய உறையில்தான் வலி முழுவதும்.

உறையைத் துளைக்கும் கணம் முக்கியமானது. ஒரே துளையில் காரியம் முடிய வேண்டும். இரண்டாம் முறை துளைத்தால் காற்றுக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். நுரையீரலின் அடிப்பகுதி மூச்சோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகரும் என்பதால், மயக்கவியல் மருத்துவர் மூச்சை ஒரு நிலையில் நிறுத்திப் பிடிக்கிறார். ஊசி சில சென்டிமீட்டர் முன்னேறும், எல்லோரும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட, ஒரு ஸ்கேன், முனை முடிச்சுக்கு 4 மில்லிமீட்டர் இடப்புறம் நிற்கிறது, மறுபடி உள்ளே போய்ச் சாய்வில் திருத்தம், மறுபடி ஸ்கேன். 9 மில்லிமீட்டர் முடிச்சு ஊசி பட்டதும் நழுவி விலகுவதும் உண்டு, சுற்றிலும் அதைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லாததால். பெரும்பாலான நேரம் இந்தக் குறிபார்ப்புக்கே போகிறது. சுடுவதற்கு ஆவது பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான்.

சூடு முடிந்ததும் எடுக்கும் ஸ்கேனில் முடிச்சைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி ஒரு சாம்பல் வளையம் தெரியும். சுடப்பட்ட காற்றறைகளில் திரவம் கசிந்ததன் அடையாளம் அது. இந்த வளையம் முடிச்சை எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டர் அகலத்தில் சூழ்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் ஊசியை இடம் மாற்றி மறுபடி சுடுகிறார்கள். அறுவையில் வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் வைத்து விளிம்பில் புற்றுச்செல் இருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் சொல்லிவிடுவார். இங்கே வெளியே எடுக்கும் துண்டு எதுவும் இல்லை. அந்த வளையமே சாட்சி. இந்தச் சிகிச்சையின் பெரிய பலவீனம் இதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

கட்டியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இந்த வளையத்திலிருந்து விளங்கும். 1 சென்டிமீட்டர் முடிச்சுக்கு, விளிம்போடு சேர்த்து 2 முதல் 3 சென்டிமீட்டர் உருண்டையைச் சுட்டால் போதும். 3 சென்டிமீட்டர் கட்டிக்கு 5 சென்டிமீட்டர் உருண்டை தேவை; கொள்ளளவில் அது 65 மில்லிலிட்டர். ஓர் ஊசியால் அவ்வளவு பெரிய இடத்தை ஒரே சீராக 60 டிகிரிக்கு மேல் வைத்திருப்பது கடினம். ஆகவே 2 சென்டிமீட்டருக்குக் கீழ் பலன் சிறப்பு, 3 வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஏமாற்றம் அதிகம்.

சுட்டு முடித்தபின் மருத்துவமனையில் ஓரிரவு, சில சமயம் இரண்டு. பக்கவிளைவுகளில் முதலில் சொல்ல வேண்டியது நியூமோதொராக்ஸ்: குத்திய இடத்தில் காற்று கசிந்து, நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் நடுவே தேங்குவது. சிறிதளவென்றால் தானே வற்றிவிடும். பெரிதென்றால் மார்பில் குழாய் செருகி வெளியேற்ற வேண்டும். இதே காற்றை மருத்துவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. முடிச்சு விலாச் சுவரையோ இதய உறையையோ ஒட்டியிருந்தால், நடுவே கொஞ்சம் காற்றைச் செலுத்தி நுரையீரலைத் தள்ளி வைத்துவிட்டுச் சுடுகிறார்கள். சில நாள் காய்ச்சல், உடல்வலி, லேசாக ரத்தம் கலந்த சளி ஆகியவை எதிர்பார்க்கக் கூடியவை. மூச்சுக்குழாய்க்கும் நுரையீரல் உறைக்கும் நடுவே ஆறாத துளை விழுவது, உதரவிதான நரம்பு சுடுபட்டு மூச்சு குன்றுவது, பெரிய ரத்தப்போக்கு ஆகியவை அரிது. ஆனால் உயிர்போகக் கூடியவை. 2007 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நுரையீரல் கட்டிகளைச் சுட்டபோது நேர்ந்த மரணங்களைக் குறிப்பிட்டு மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நோயாளியைத் தேர்வு செய்வதிலும் மருத்துவரின் பயிற்சியிலும் கவனம் வேண்டும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம்.

வீட்டுக்குப் போன நோயாளியை வருத்துவது பெரும்பாலும் அடுத்த ஸ்கேன்தான். ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் முடிச்சு முன்பைவிடப் பெரிதாக இருக்கும். 12 மில்லிமீட்டர் இருந்தது 30 ஆகியிருக்கிறது என்று அறிக்கையில் படித்தவுடன் குடும்பமே இடிந்துபோகிறது. அது கட்டி அல்ல. சுடப்பட்ட கட்டியும், அதைச் சூழ்ந்து வெந்த நுரையீரலும் சேர்ந்த தழும்பின் தொடக்கம். அதன் நடுவே குழி விழுவதும் உண்டு. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அது சுருங்கத் தொடங்கி, பிறகு ஒரு கோடாகவோ சிறு வடுவாகவோ நின்றுவிடும். பெட் ஸ்கேனையும் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. ஆறுகிற புண்ணின் அழற்சி அதில் புற்றுநோயைப் போலவே ஒளிரும். இதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே, நோயாளிக்குப் புரியும்படி, உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டியது மருத்துவரின் கடமை. ஆறு மாதத்துக்குப் பின்னும் சுருங்காமல் ஓரத்தில் புடைத்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பலன் எவ்வளவு? 2008இல் வெளியான ராப்சர் ஆய்வு, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் 106 நோயாளிகளில் 3.5 சென்டிமீட்டர் வரையிலான 183 கட்டிகளைப் பின்தொடர்ந்தது. ஓராண்டு பின்தொடர முடிந்தவர்களில் 88 விழுக்காட்டினருக்குச் சுட்ட கட்டிகள் முழுமையாக அடங்கியிருந்தன. 137 அமர்வுகளில் 27 முறை காற்றை வெளியேற்றக் குழாய் போட வேண்டியிருந்தது. சிகிச்சையால் மரணம் எதுவும் இல்லை. நுரையீரலின் செயல்திறனில் குறிப்பிடத்தக்க சரிவு ஏதும் காணவில்லை என்பதே என் பார்வையில் அந்த ஆய்வின் ஆகச் சிறந்த செய்தி.

2015இல் பிரான்சின் இரண்டு மையங்களிலிருந்து தியெரி த பேரும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பு இன்னும் பெரியது: 566 நோயாளிகள், 1,037 பரவல் கட்டிகள். சுட்ட இடத்தில் கட்டி திரும்பாமல் இருந்தது நான்கு ஆண்டு முடிவில் 89 விழுக்காடு. ஐந்து ஆண்டு கடந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். பெரும்பான்மையோர் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் என்றாலும், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மென்திசு சர்கோமா நோயாளி. நுரையீரலில் வேறிடத்தில் புதுக் கட்டி முளைத்தவர்களுக்கு மறுபடியும் அதே சிகிச்சை கொடுக்கப்பட்டது. சிலருக்கு நான்கு முறை வரை. நான்கு முறை மார்பைத் திறந்த நுரையீரலை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

இந்த எண்களை அப்படியே நம்பிக்கையாக மாற்றிவிடவும் முடியாது. இவற்றில் எதுவும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குச் சிகிச்சை தந்து, மீதிப் பேருக்குத் தராமல் ஒப்பிட்ட ஆய்வு அல்ல. நோய் மெதுவாக நகர்பவர்களும், கட்டிகள் குறைவாக உள்ளவர்களுமே இச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்; அவர்கள் எப்படியும் நெடுநாள் இருந்திருப்பார்களோ என்ற கேள்வி நிற்கிறது. பிரிட்டனில் தொடங்கிய பல்மிக் என்ற ஆய்வு, பெருங்குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியவர்களை அறுவை செய்யும் தரப்பு, செய்யாத தரப்பு எனக் குலுக்கிப் பிரித்தது. போதிய பேர் சேராமல் நூறைத் தொடும் முன்பே நின்றுபோனது. சேர்ந்தவரையில், அறுவை செய்யாதவர்களும் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. அறுவைக்கு இருக்கும் இந்தக் கேள்வி சூட்டுக்கும் உண்டு. அடினாய்ட் சிஸ்டிக் போன்ற அரிய நோய்களில் அப்படியொரு ஆய்வுக்குப் போதிய நோயாளிகளை ஒரு நாட்டில் திரட்டுவதே கடினம்.

அதனால்தான் அரிய கட்டிகளில் முதல் சிகிச்சை பல நேரங்களில் பொறுத்திருந்து பார்ப்பதாக அமைகிறது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு, மூன்று ஸ்கேன்கள் எடுத்தால் நோயின் வேகம் தெரிந்துவிடும். குறுக்களவு இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. அதாவது கட்டி மூன்று முறை இரட்டித்திருக்கிறது. அடினாய்ட் சிஸ்டிக் கட்டி ஒருமுறை இரட்டிக்க ஓராண்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்வதுண்டு. அந்தக் கணக்கில் 5 மில்லிமீட்டர் முடிச்சு 1 சென்டிமீட்டர் ஆக மூன்று ஆண்டு ஆகும். நுரையீரல் ஓரத்தில் அசையாமல் இருக்கும் அத்தகைய முடிச்சை உடனே சுட வேண்டிய கட்டாயமில்லை. பெரிய மூச்சுக்குழாயை நோக்கி வளர்வது, மற்றவற்றைவிட வேகமாகப் பெருப்பது, 2 சென்டிமீட்டரை நெருங்குவது ஆகியவற்றுக்குத்தான் முன்னுரிமை. இருபது, முப்பது முடிச்சுகள் தூவியிருந்தால் எல்லாவற்றையும் சுடுவது நடக்காத காரியம்.

காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. நுரையீரலில் தெரியும் முடிச்செல்லாம் புற்றுநோயின் பரவல் அல்ல. பழைய காசநோயின் வடுவும் ஸ்கேனில் அப்படியே தெரியும். பத்து ஆண்டு முன்பு புற்றுநோய் வந்தவர் என்பதற்காகப் பயாப்சி இல்லாமல் சுடக் கூடாது. ஒரு வெளியூசியைச் செருகி, அதன் வழியாக முதலில் துண்டு எடுத்து, அதே பாதையில் சூட்டு ஊசியையும் செலுத்தும் வழக்கம் உண்டு. உறையில் ஒரே துளைதான் விழுகிறது.

எட்டாத இடங்களும் உண்டு. நுரையீரலின் நடுவேர்ப் பகுதியில், பெரிய குழாய்களை அணைத்திருக்கும் கட்டிகளைச் சுடுவது ஆபத்து. அடினாய்ட் சிஸ்டிக் நோய் சிலருக்கு மூச்சுப் பெருங்குழாயின் சுவரிலேயே தொடங்கும். அங்கே இந்த ஊசிக்கு வேலை இல்லை, அறுவையும் கதிர்வீச்சும்தான். மூச்சுக்குழாய்களில் வரும் கார்சினாய்ட் என்ற அரிய கட்டிக்கும் அறுவையே முதன்மை. அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் சூடு மாற்றாகிறது. துல்லியமாகக் குவித்துச் செலுத்தும் கதிர்வீச்சு வலுவான போட்டியாளர். அதற்கு ஊசியே வேண்டாம். ஆனால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கதிர்வீச்சு கொடுப்பதற்கு வரம்பு உண்டு. அண்மைக் காலத்தில் ஹாங்காங் போன்ற இடங்களில், விலாவைத் துளைக்காமல் மூச்சுக்குழாய்க்குள்ளேயே மெல்லிய மைக்ரோவேவ் குழலை ஓட்டிச் சென்று சுடும் முறையும் வளர்ந்து வருகிறது.

மருந்துகளும் சும்மா இருக்கவில்லை. அல்வியோலர் சாஃப்ட் பார்ட் சர்கோமாவுக்கு, நோயெதிர்ப்பு மண்டலத்தின் தடையை விலக்கும் அட்டெசோலிசுமாப் மருந்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா அங்கீகரித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வின் 49 நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. இந்த நோய்க்கு அது பெரிய முன்னேற்றம். மருந்து வந்தபின் ஊசிக்கு வேலை போய்விடும் என்று சிலர் எண்ணினார்கள். நடப்பது வேறு. மருந்துக்கு எல்லா முடிச்சுகளும் ஒரேபோல் பணிவதில்லை. பத்து அடங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் எதிர்ப்பு பெற்று வளரத் தொடங்கும். முன்பெல்லாம் அந்த ஒன்றுக்காக, வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தையே நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேட வேண்டியிருந்தது. அரிய நோய்களில் அடுத்த மருந்து என்று ஒன்று இருப்பதே அபூர்வம். இப்போது அந்த ஒற்றை முடிச்சை மட்டும் ஊசியால் சுட்டுவிட்டு, மீதிப் பத்துக்கும் அதே மருந்தைத் தொடர்கிறார்கள்.